அபாயமணிகளின் பெருக்கம் பாதுகாப்பாகாது

பட்டர்வொர்த்திலும் பிறைத் தொழிற்பேட்டையிலும், கடலுக்கு அப்பால் பாயான் லெப்பாஸிலும், சர்வர்களைப் பராமரிக்கும் பொறுப்பிலுள்ளவர்களிடையே ஓர் அபிப்பிராயம் ஆழ வேரூன்றி நிற்கிறது. சர்வரில் இயங்கும் ஒவ்வொரு சேவையையும், அதிலுள்ள முக்கியமான ஒவ்வொரு கோப்பையும் இடைவிடாமல் கண்காணிக்கும் மென்பொருளை நிறுவிவிட வேண்டும். அளக்கத்தக்க பொருள் எதுவாயினும் அதற்கு ஓர் எல்லையை விதித்து, அந்த எல்லை தாண்டப்பட்ட மாத்திரத்தில் பொறுப்பாளர் அனைவருக்கும் மின்னஞ்சலும் கைப்பேசிச் செய்தியும் போய்ச் சேரும்படி செய்துவிட வேண்டும். அவசியமற்ற எச்சரிக்கை ஒன்று கூடுதலாக வந்தால் நஷ்டமில்லை, அவசியமான எச்சரிக்கை ஒன்று வராமற்போனாலோ சர்வநாசம் என்பதே அந்த அபிப்பிராயம். கேட்பதற்கு இது விவேகமாகவே தோன்றுகிறது. மென்பொருள் விற்பவர் இதைச் சொல்லுகிறார். தணிக்கைக்கு வருபவர் எத்தனை எச்சரிக்கைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துத் திருப்தியடைகிறார். நிர்வாகி, பணம் கொடுத்தோம், காவல் கிடைத்தது என்று நிம்மதி கொள்ளுகிறார். இந்த அபிப்பிராயம் பிழையானது என்பதும், வெறும் பிழையாக நின்றுவிடாமல் அபாயத்துக்கே வழி வகுப்பது என்பதும் என் துணிபு. அதை நிறுவுவதற்கே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

இவ்வேலையில் நேரடிப் பழக்கமில்லாத வாசகருக்காகப் பூர்வாங்கமாகச் சில வார்த்தை சொல்ல வேண்டும். சரக்குக் கப்பல் முகவரின் கணக்கு, மருத்துவமனையின் நோயாளர் பதிவேடு, பள்ளிக்கூடத்தின் தேர்வு முடிவு ஆகிய அனைத்தும் இன்று ஏதோ ஒரு சர்வரில்தான் தங்கியிருக்கின்றன. அந்தச் சர்வருக்குள் இணையப் பக்கங்களை எடுத்துத் தருவது ஒரு சேவை, தரவுத்தளத்தைக் காப்பது ஒரு சேவை, அஞ்சலைக் கொண்டுசெல்வது இன்னொரு சேவை என்று பல நிரல்கள் அல்லும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். இவற்றைக் கவனிப்பதற்கென்றே மோனிட், நாகியோஸ், பிரொமீத்தியஸ் முதலிய மென்பொருள்கள் ஏற்பட்டிருக்கின்றன. உதாரணமாக மோனிட்டை எடுத்துக்கொண்டால், அதன் அமைப்புக் கோப்பில் நாம் எழுதிவைத்தபடி, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை என்பது போன்ற கணக்கில் அது சுற்றிவந்து, இன்ன சேவை உயிரோடிருக்கிறதா, இன்ன போர்ட்டில் கேட்டால் பதில் வருகிறதா, டிஸ்க்கில் எவ்வளவு இடம் மீந்திருக்கிறது, இன்ன கோப்பின் அளவும் உரிமையாளரும் அனுமதிகளும் கடைசியாக மாறிய நேரமும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கப்படும் செக்சம் என்னும் சரிபார்ப்பெண்ணும் இருந்தபடியே இருக்கின்றனவா என்று பார்க்கும். மாறுபாடு கண்டால் கடிதம் அனுப்பும். கட்டளையிட்டிருந்தால் விழுந்த சேவையைத் தானே எழுப்பியும் விடும். இவை அருமையான கருவிகள்; இவற்றை நான் தினமும் கையாளுகிறேன், இவையின்றி இத்தொழில் நடவாது என்பதையும் அறிவேன். இக்கருவிகளைக் கையில் வைத்துக்கொண்டு, கண்காணிப்பதையும் மனிதரைக் கூப்பிடுவதையும் ஒரே காரியமாகக் குழப்பிக்கொள்ளும் சித்தாந்தமே இங்கே மறுக்கப்படுவது.

கூடுதலான எச்சரிக்கையால் நஷ்டமில்லை என்னும் அடிப்படைக் கூற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். வேல்ஸ் தேசத்து மில்ஃபோர்டு ஹேவனில் இருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை ஒன்றில் 1994 ஜூலை 24ஆம் தேதி, காலையில் மின்னலுடன் வீசிய புயலால் ஆலையின் இயக்கம் குலைந்து, அக்குழப்பம் பல மணி நேரம் நீடித்து, பிற்பகலில் வெடிவிபத்தாக முடிந்தது. 26 பேர் காயமுற்றார்கள். பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு நிர்வாகம் நடத்திய விசாரணையில் வெளிப்பட்ட செய்தி இது: வெடிப்புக்கு முந்திய கடைசி 11 நிமிஷங்களில், கட்டுப்பாட்டறையிலிருந்த இரண்டே பணியாளர்கள் மேல் 275 அபாய அறிவிப்புகள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றையும் கண்டு, புரிந்து, ஏற்று, செய்வது இன்னதென்று தீர்மானிக்க அவர்களுக்கு இருந்த அவகாசம் இரண்டு அல்லது மூன்று விநாடி. அந்த ஆலையில் அமைக்கப்பட்டிருந்த 2040 அறிவிப்புகளில் 87 சதவீதம் உயர்ந்த அவசரம் என்னும் வகுப்பில் வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் தலையாய அவசரம் என்று குறித்தவர்கள் அதன் மூலம் எதையுமே அவசரமென்று பிரித்துக் காட்டாதவர்களானார்கள். இவ்விபத்துக்குப் பின் 1999இல் பிரிட்டிஷ் பொறியியல் சாதனப் பயனாளர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, சாதாரண நாளில் ஒரு பணியாளருக்குச் சராசரியாகப் பத்து நிமிஷத்துக்கு ஓர் அறிவிப்புக்கு மேல் வராதிருப்பதே ஏற்கத்தக்கது என்று அளவு சொல்லிற்று. இரசாயன ஆலைக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கற்றுக்கொண்ட அந்தப் பாடத்தைச் சர்வர் காப்பவர்கள் இன்னும் படிக்கவில்லை. நம் அலுவலகங்களில் பொறுப்பாளரின் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பாருங்கள்: எச்சரிக்கைகளை நேரே ஒரு தனி அறைக்குள் தள்ளிவிடும் விதி அங்கே எழுதப்பட்டிருக்கும், அந்த அறையில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் படிக்கப்படாமல் கிடக்கும். அவரை நான் குறை கூறமாட்டேன். அந்த விதியை எழுதாவிட்டால் அவரால் வேறு வேலை எதையும் பார்த்திருக்க முடியாது.

எச்சரிக்கை ஒவ்வொன்றும் மனிதனின் கவனத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டே வருகிறது. கவனம் என்பது அளவுடைய பொருள். பயனில்லாத நூறு அழைப்புகளுக்கு அதைச் செலவிட்டவன், நூற்றோராவது அழைப்பை முன்னைய நூற்றின் வர்க்கத்திலேயே சேர்த்துவிடுவது சோம்பலாலன்று, அனுபவம் அவனுக்குக் கற்பித்த அனுமானத்தால். ஆகவே பயனில்லாத எச்சரிக்கையின் விலை பூஜ்யம் என்பது பொய்; அந்த விலை, பயனுள்ள எச்சரிக்கையின் மேல் வைத்த விசுவாசத்திலிருந்து கழிக்கப்படுகிறது.

அமெரிக்கப் பங்குச் சந்தையில் நியூஜெர்சியைச் சேர்ந்த நைட் கேப்பிடல் என்னும் தரகு நிறுவனத்துக்கு 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி நேர்ந்த கதியைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். சேவை, கோப்பு, எச்சரிக்கை ஆகிய மூன்றும் அங்கே ஒரே முடிச்சில் வந்து விழுகின்றன. அந்நிறுவனம் பங்கு ஆணைகளை அனுப்பும் தன் எட்டுச் சர்வர்களுக்குப் புதிய நிரலை ஏற்றிற்று. ஏற்றியவர் ஏழில் ஏற்றி, எட்டாவதை விட்டுவிட்டார். அதில் பல ஆண்டுகளாகப் பயன்படாமற் கிடந்த பவர் பெக் என்னும் பழைய நிரற்பகுதி அப்படியே இருந்தது. அன்று காலை சந்தை திறந்ததும், புதிய ஆணைகள் அந்த எட்டாவது சர்வரில் பழைய நிரலைத் தட்டி எழுப்பின. ஏறத்தாழ 45 நிமிஷத்தில் நிறுவனம் இழந்த தொகை 46 கோடி டாலருக்கு மேல். இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சந்தை திறப்பதற்கு முன், காலை எட்டு மணி முதற்கொண்டே, அந்த அமைப்பு தானாக 97 மின்னஞ்சல்களைப் பணியாளர் குழுவினருக்கு அனுப்பியிருந்தது. அவற்றில் பவர் பெக் என்னும் பெயரே பிழைச் செய்தியாக எழுதப்பட்டிருந்தது. ஒருவரும் அவற்றின்படி ஒன்றும் செய்யவில்லை. அவை எச்சரிக்கை என்னும் கருத்தோடு அமைக்கப்பட்டவையல்ல. அவற்றைப் பெறுபவர் இன்னது செய்ய வேண்டும் என்ற நியமமும் இல்லை. எச்சரிக்கை பெருக வேண்டும் என்போர் இதற்கு என்ன சொல்லுவார்கள்? 97க்குப் பதிலாக 970 வந்திருந்தால் அந்த நிறுவனம் பிழைத்திருக்குமோ? மாறாக, எட்டுச் சர்வர்களிலும் ஒரே நிரற்கோப்பு இருக்கிறதா என்று செக்சத்தைக் கணக்கிட்டு ஒப்பிட்டு, ஒன்று மாறுபட்டால் ஆணை அனுப்புவதையே நிறுத்தி, நிரல் ஏற்றியவரை நேரே கூப்பிடும் ஒரே ஒரு கண்காணிப்பு போதுமாயிருந்திருக்கும்.

சில்லறை வியாபாரத்தில் பெயர்பெற்ற டார்கெட் நிறுவனத்தின் கதை நமக்கு இன்னும் சமீபமானது. ஏனென்றால் அதில் எச்சரிக்கையை முதலில் கண்டவர்கள் பெங்களூரில் இருந்தவர்கள். 2013 நவம்பர் கடைசியில் திருடர்கள் அந்நிறுவனத்தின் கடைக் கணினிகளில் புகுந்தபோது, புதிதாக வாங்கப்பட்டிருந்த பாதுகாப்பு மென்பொருள் அதைக் கண்டுபிடித்தது. பெங்களூரிலிருந்த கண்காணிப்புக் குழு அதைப் பார்த்து, அமெரிக்காவில் மினியாபொலிஸ் தலைமையகத்துக்கு அறிவித்தது. அங்கே அது உடனடி நடவடிக்கைக்குரியதன்று என்று ஒதுக்கப்பட்டது. நான்கு கோடி வங்கி அட்டைகளின் எண்கள் களவு போயின. கருவி தவறவில்லை, பெங்களூர்க் குழுவினரும் தவறவில்லை. வாரந்தோறும் இத்தகைய நிகழ்ச்சிகள் ஏராளமாகப் பதிவாகின்றன என்பதே அந்நிறுவனம் பின்னர் கூறிய சமாதானம். அந்த ஏராளந்தான் நோய் என்பது என் கட்சி.

இவ்விடத்தில் எதிர்க்கட்சியார் ஒரு தடை எழுப்புவர். எச்சரிக்கை வந்தது, மனிதர் அசிரத்தையாயிருந்தார்கள். ஆகையால் குற்றம் மனிதருடையதே தவிர முறையினுடையதன்று என்பார்கள். அதிகச் சிரத்தையுள்ள ஆட்களை நியமிப்பதும், கவனக்குறைவுக்குத் தண்டனை விதிப்பதுமே பரிகாரம் என்பார்கள். இந்த வாதத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். ஒரே வகைத் தவறு வேல்ஸிலும் நியூஜெர்சியிலும் மினியாபொலிஸிலும், வேறுவேறு தொழில்களில், வேறுவேறு கல்வியும் பழக்கமும் உள்ள மனிதர்களிடம் மறுபடி மறுபடி நிகழுமானால், அதைத் தனிமனிதரின் அசிரத்தை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. எட்டு மணி நேர வேலையில் அறுபது கடிதங்களைப் படித்து, அறுபதும் வீண் என்று கண்டு, அறுபத்தொன்றாவதை அதே புத்துணர்ச்சியோடு திறக்க வேண்டும் என்று ஒருவரிடம் எதிர்பார்ப்பவர், மனித சுபாவத்தை அறியாதவர்; அறிந்தே எதிர்பார்ப்பவராயின், பழியைச் சுமத்துவதற்கு ஓர் ஆளை முன்கூட்டித் தேடிக்கொள்பவர். சம்பளம் குறைந்த இளைஞர் ஒருவரின் கைப்பேசியில் நூறு எச்சரிக்கைகளைக் கட்டிவிட்டு, விபத்து நேர்ந்த பின், உனக்குத்தான் செய்தி வந்ததே என்று அவரிடம் பதிவேட்டைக் காட்டுவது அநீதி. இவ்வூர் அலுவலகங்களில் இது நடப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்த இளைஞர்களில் பலர் நம் பிள்ளைகள்.

அடுத்து, மௌனத்தைப் பற்றிய பிரமை. எச்சரிக்கை வரவில்லையென்றால் எல்லாம் நலம் என்று நம்புவது மேற்படி சித்தாந்தத்தின் மறுபாதி. கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31ஆம் தேதி நேர்ந்ததை அந்நிறுவனமே ஒளிவுமறைவின்றி உலகுக்கு எழுதி வெளியிட்டது. அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன். இரவு வெகுநேரம் வேலை செய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரிலேயே தரவுத்தளக் கோப்புகளை அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டார். உணர்ந்து நிறுத்துவதற்குள், ஏறத்தாழ 300 கிகாபைட்டில் நாலரை கிகாபைட்டே மிஞ்சிற்று. அழிந்தால் மீட்பதற்குத்தானே பிரதிகள்? நாள்தோறும் பிரதி எடுத்து வெளியிடத்தில் சேமிக்கும் ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் சேமிப்பிடம் காலியாயிருந்தது. தரவுத்தளம் 9.6 என்னும் பதிப்பு. பிரதியெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக ஓடி, ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்க மின்னஞ்சல் எச்சரிக்கையும் அமைக்கப்பட்டிருந்தது. அந்த மின்னஞ்சல்கள் அனுப்புநரை மெய்ப்பிக்கும் முத்திரையில்லாமல் போனமையால், பெறும் அஞ்சல் சர்வர் அவற்றை ஏற்க மறுத்துத் திருப்பிவிட்டது. பிரதி இல்லை, பிரதி இல்லை என்று சொல்லும் கடிதமும் இல்லை, கடிதம் வராததையே நலத்துக்கு அத்தாட்சியாகக் கொண்டு எல்லாரும் இருந்தார்கள். வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்துவைத்த ஒரு நகல் தற்செயலாக இருந்தபடியால் நிறுவனம் தப்பிற்று. இருந்தும் அந்த ஆறு மணி நேரத்துத் தரவு மீளவில்லை.

இந்நிகழ்ச்சியிலிருந்து, இன்னும் ஓர் எச்சரிக்கை அமைத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டுவது எளிது. எளிதாயிருப்பதே அந்த முடிவின் ஆபத்து. தோல்வி நேர்ந்தால் சொல் என்று இயந்திரத்துக்குக் கட்டளையிடுவதன் குறை, சொல்லும் வாயும் அதே தோல்வியில் அடைபட்டுப்போகக்கூடும் என்பதே. சர்வரிலேயே ஓடும் மோனிட், அந்தச் சர்வருக்கு மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். நின்றதைச் சொல்ல அதனால் இயலாது. ஆகையால் கட்டளை தலைகீழாக இருக்க வேண்டும்: வெற்றி வந்தால் பதிவு செய், குறித்த நேரத்துக்குள் வெற்றிச் செய்தி வராவிட்டால் மனிதரைக் கூப்பிடு. கூப்பிடும் பொறுப்பு வேறோர் இடத்திலுள்ள வேறொரு சர்வரிடம் இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பிரதிக் கோப்பு எழுதப்படுவதானால், அக்கோப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்பது போதாது. கடைசியாக எழுதப்பட்டு 26 மணி நேரத்துக்கு மேலாகிவிட்டதா, அதன் அளவு நேற்றைய அளவில் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டதா என்னும் இரண்டு கேள்விகள், நூறு சாதாரண எச்சரிக்கைகளைக் காட்டிலும் அந்த அலுவலகத்தை அதிகம் காக்கும்.

கோப்புகளைப் பற்றி மேலும் ஒரு சொல். 1992இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம், ஜீன் ஸ்பாஃபர்ட் என்னும் இருவர் டிரிப்வயர் என்ற மென்பொருளை உருவாக்கிய காலந்தொட்டு, கோப்புகளின் செக்சத்தைக் குறித்துவைத்து, மாறினால் அறிவிக்கும் முறை வழங்கி வருகிறது. நல்ல முறைதான். ஆனால் கணினியின் கோப்புகள் யாவற்றையும் அதன் காவலுக்குள் வைத்தால், மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்றும் நாளில் நூற்றுக்கணக்கான கோப்புகள் நியாயமாகவே மாறும். நூற்றுக்கணக்கான கடிதங்கள் வரும். பொறுப்பாளர் அத்தனையையும் ஒரே தட்டில் அழிப்பார். திருடன் மாற்றிய கோப்பின் பெயரும் அதிலேயே அழிந்துபோகும். கடவுச்சொற் கோப்பு, தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான அமைப்புக் கோப்பு, பணம் கையாளும் நிரலின் கோப்புகள் என்று மனிதர் கையன்றி மாறக்கூடாதவை ஒரு சிலவே. அவற்றுக்கு மட்டும் உடனடி அழைப்பை வைத்து, ஏனையவற்றைப் பதிவேட்டில் எழுதிவைத்தால் போதும். டிஸ்க்கின் கதையும் இப்படியே. 90 சதவீதம் நிரம்பினால் அலறு என்பது வழக்கமான விதி. மூன்று ஆண்டுகளாக 91 சதவீதத்தில் அசையாமல் நிற்கும் டிஸ்க்கினால் ஒரு கேடும் இல்லை, அதுவோ தினமும் அலறுகிறது. நேற்று 40 சதவீதத்திலிருந்து, கட்டுமீறி வளரும் லாக் கோப்பினால் விடிவதற்குள் நிரம்பிவிடப்போகும் டிஸ்க்கோ, மௌனமாகவே தொண்ணூறை நெருங்குகிறது. இன்னும் எத்தனை மணி நேரத்தில் நிரம்பும் என்று கணக்கிட்டுக் கூப்பிடுவதே அறிவுடைமை.

சேவை விழுந்தால் இயந்திரமே எழுப்பிவிடட்டும், மனிதரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லி, என் வாதத்தை ஒப்புக்கொண்டதுபோல் வருவோரும் உண்டு. ஒருமுறை எழுப்புவது சரி. நாளொன்றுக்குப் பத்துமுறை விழுந்து பத்துமுறை எழும் தரவுத்தளம் நோயுற்றிருக்கிறது. அதன் நோயை எழுப்புதல் மறைக்கிறது. ஐந்து சுற்றுக்குள் ஐந்து முறை எழுப்பியும் நிற்காவிட்டால் முயற்சியைக் கைவிடு என்று எழுதுவதற்கு மோனிட்டில் வழியிருக்கிறது. அந்த வரியை எழுதி, அதன்பின் மனிதரைக் கூப்பிடச் செய்பவர் மிகச் சிலர்.

எச்சரிக்கை யாரைச் சென்று சேர்கிறது, சேர்ந்தபின் அவர் என்ன செய்வார் என்பதே பிரச்னையின் உயிர்நிலை என்பதற்குப் பினாங்குவாசிகளாகிய நாம் உலகத்துக்குச் சாட்சி சொல்லத்தக்கவர்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை நம் நேரப்படி 8:58 மணிக்குச் சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் பூமி அதிர்ந்தது. பினாங்கின் உயர்ந்த கட்டடங்களில் இருந்தவர்கள் அந்த அதிர்ச்சியை உணர்ந்தார்கள். ஹவாயிலுள்ள பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் அறிக்கை வெளியிட்டது. அலை பினாங்குக் கரையைத் தாக்கியது பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு. அதாவது நான்கு மணி நேரம் கழித்து. அதற்குள் இலங்கையும் ஃபுக்கெட்டும் நீரில் மூழ்கியிருந்தன. மலேசியாவில் மாண்டவர் 68 பேரில் 52 பேர் பினாங்கில் மாண்டார்கள். பலர் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் பொழுதுபோக்க வந்தவர்கள். அளக்கும் கருவி இல்லாமையாலா இந்த உயிர்கள் போயின? உலகத்தின் நில அதிர்ச்சிமானிகள் யாவும் அதைப் பதிவு செய்திருந்தன. இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய நாடுகளில் யாரிடம் சொல்ல வேண்டும், கேட்டவர் கரையிலிருப்பவரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்ற நியமந்தான் இல்லாமலிருந்தது. பின்னர் நம் வானிலை ஆய்வுத் துறை ஆழிப்பேரலை எச்சரிக்கை ஏற்பாட்டை நிறுவிக் கடற்கரைகளில் சைரன்களை நட்டது.

அதே காலையில் புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தில் நடந்தது வேறு. அங்கே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையம் ஒன்று இருந்தது. அன்றாடம் அலையின் உயரம் எவ்வளவு என்பதை ஒலிபெருக்கியில் சொல்வது அதன் வழக்கம். சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் ஆபத்தை அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஏறத்தாழ 3600 பேர் கடலைவிட்டு அகன்று உயிர் பிழைத்தார்கள். கோடிக்கணக்கில் செலவிட்ட கருவி எதுவும் அங்கே இல்லை. தினந்தோறும் தங்கள் தொழிலுக்குப் பயன்படும் செய்தியை மட்டுமே சொல்லி வந்த ஒலிபெருக்கி அது. அதனால் அது ஓடு என்றபோது ஓடினார்கள். வீண் பேச்சாக நாள் முழுதும் அலறிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியாயிருந்தால் அந்த ஓட்டம் நிகழ்ந்திராது.

நம் ஊரின் துயரத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1988 ஜூலை 31ஆம் தேதி, புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவும், தீவில் குவான் யின் தேவியின் விழாவும் சேர்ந்துவந்த நாளில், பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹலீம் படகுத்துறையில் பயணிகள் நெரிந்து நின்ற நடைபாலம் இடிந்தது. 32 பேர் மாண்டனர். 1600க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். ஆயிரக்கணக்கில் கூடிய கூட்டம், கருவி வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய ரகசியமன்று. அது எல்லார் கண்ணுக்கும் பிரத்தியட்சம். கண்ணுக்குத் தெரிவதொன்று எச்சரிக்கையாவது எப்போது? இத்தனை பேருக்குமேல் ஒருவரையும் ஏற்றலாகாது என்று முன்னரே எல்லை குறித்து, அந்த எல்லையில் வாயிலை அடைக்கும் அதிகாரத்தை இன்னார் கையில் என்று ஒப்படைத்திருக்கும்போது மாத்திரமே. சர்வருக்கும் இதுவே விதி. நள்ளிரவில் பணச் சேவையை நிறுத்தும் அதிகாரம் இல்லாதவரை, நிறுத்த வேண்டிய நிலை வந்துவிட்டது என்று சொல்லி எழுப்புவதால் என்ன பிரயோசனம்?

எதிர்க்கட்சியாரின் தடைகளில் மிகவும் பலமானதை இனிக் கவனிப்போம். எந்த எச்சரிக்கை வீண், எந்த எச்சரிக்கை அவசியம் என்று முன்னதாக எப்படி அறிவது? இன்று வீணென்று நீக்கிய ஒன்றே நாளை பெருங்கேட்டின் முதற்குறியாக இருந்தால் யார் பொறுப்பு? இது நியாயமான அச்சம். என் விடை இதுதான். எதையும் அளக்காதே என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் அளந்து, பதிவேட்டில் எழுதி, வரைபடமாக்கி வைத்துக்கொள்ளலாம். டிஸ்க்கில் இடம் மலிவு. கேடு நேர்ந்தபின் காரணத்தைத் தேடிப் போகிறவருக்கு அந்தப் பதிவுகள் யாவும் உதவும். மனிதரை உறக்கத்திலிருந்து எழுப்பும் அழைப்புக்கு மாத்திரம் மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்கிறேன்: பயனாளருக்கு இப்போதே தீங்கு நேர்கிறது அல்லது சில மணி நேரத்தில் நேரும், அதைத் தடுக்க மனிதர் செய்யத்தக்க காரியம் ஒன்று இருக்கிறது, அக்காரியம் இன்னதென்று எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. இவற்றில் ஒன்று குறைந்தாலும், அது காலையில் படித்துக்கொள்ளும் அறிக்கைக்கே உரியது. நீக்கியதால் வரும் கேட்டைப் பற்றி அஞ்சுகிறவர், நீக்காமையால் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் கேட்டையும் அதே தராசில் வைக்க வேண்டும். மில்ஃபோர்டு ஹேவனின் 2040 அறிவிப்புகளில் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் இதே அச்சத்தால்தான் சேர்த்திருப்பார்.

சேவை உயிரோடிருக்கிறதா என்று கேட்பதைவிட, பயனாளர் செய்வதைச் செய்து பார்ப்பது மேல் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இணையச் சேவை ஓடிக்கொண்டிருக்கும், போர்ட் திறந்திருக்கும், ஆனால் உள்ளே தரவுத்தளம் தொங்கி, வாடிக்கையாளருக்கு வெற்றுப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். எச்சரிக்கைகள் எல்லாம் பச்சை விளக்குக் காட்டும். வெளியிலிருந்து ஒரு சரக்குச் சீட்டைத் தேடி, அது மூன்று விநாடிக்குள் வந்ததா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பார்க்கும் ஒரே சோதனை, உள்ளே வைத்த முப்பது சோதனைகளுக்குச் சமானம்.

ஒரே ஒரு ஆள் சர்வரையும் அச்சுப்பொறியையும் நிர்வாகியின் கைப்பேசியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் சிறிய அலுவலகங்களே இப்பகுதியில் அதிகம். இத்தகைய ஏற்பாடு பெரிய நிறுவனங்களுக்குத்தான் கட்டும் என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கே இது அதிகம் தேவை. கவனத்தைப் பகிர்ந்துகொள்ள அவர்களிடம் இரண்டாவது ஆள் இல்லை. பிரதி, டிஸ்க், பயனாளர் சோதனை, இணையப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் முடியும் தேதி, மாறக்கூடாத சில கோப்புகள் என்று ஐந்தாறு அழைப்புகளோடு ஒரு சர்வரைக் காக்கலாம். ஒவ்வொன்றும் மூன்று சுற்று தொடர்ந்து தவறினால் மட்டுமே கூப்பிடும்படி அமைத்தால், கணநேரத் தடுமாற்றங்கள் ஆளை எழுப்பமாட்டா. மாதத்தில் ஒருநாள் காலை பத்து மணிக்கு, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஒரு சேவையை வேண்டுமென்றே நிறுத்தி, கைப்பேசி ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வியாபாரம் ஐந்து நிமிஷம் தடைப்படுமே என்று முதலாளிகள் ஆட்சேபிப்பார்கள். கிட்லேப் நிறுவனம் அப்படியொரு சோதனை செய்திருந்தால், திரும்பிப்போன கடிதங்கள் முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும்.

தணிக்கைக்கு வருகிறவர்களிடம் என் கோரிக்கை ஒன்றுண்டு. எத்தனை எச்சரிக்கைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணுவதை அவர்கள் விட்டுவிட வேண்டும். போன மாதம் வந்த எச்சரிக்கைகளில் எத்தனைக்கு மனிதர் எழுந்து காரியம் செய்ய நேர்ந்தது, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவரின் பெயரும் அவர் செய்ய வேண்டியதும் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன, பிரதியிலிருந்து தரவைக் கடைசியாக மீட்டுப் பார்த்த தேதி எது என்னும் மூன்றையும் கேட்டு, விடை இல்லாத அலுவலகத்துக்கு, அதன் எச்சரிக்கைப் பட்டியல் எத்தனை பக்கம் நீண்டிருந்தாலும், சான்று கொடுக்க மறுக்க வேண்டும்.